நன்றி சொன்ன மனுசன்

கோட்-டெ-நெய்ஜ் வீதியால் போகும் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்த மாணவி, பக்கத்திலிருந்த தமையனிடம் திடீரென்று சொன்னாள்: "அண்ணை, கண் தெரியாத ஒரு மனுசன்ர கொம்பியூட்டரைக் கெடுத்தது நான்தான்."

"என்ன கதைக்கிறாய்?"

"அவர் பாவிக்கிற, திரையை வாசிச்சுச் சொல்லுற இலவச புரோகிராம் இருக்கெல்லோ, கனபேர் சேர்ந்து எழுதுறது, அதில நான் எழுதின பகுதி மெமரியை எடுத்துப்போட்டுத் திருப்பிக் குடுக்கேல்லை. ஒரு மணித்தியாலத்தில எல்லாம் நிண்டுபோகுது."

"திருத்திட்டியோ?"

"ஓம், முழுக்கத் திருப்பி எழுதிட்டன்."

"அப்ப சத்தம்போடாமல் அனுப்பிவிடன்."

அவள் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"அவர் முறைப்பாடு எழுதேக்க, பிழை புரோகிராமில இல்லை, உங்கட கொம்பியூட்டர்தான் பழசு எண்டு அவருக்கு எழுதினனான், அண்ணை. அவர் அதை நம்பிப் புதுசு வாங்கிப்போட்டு, எனக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்."

பல்கலைக்கழகத் தரிப்பு வந்ததும் அவள் எழும்பினாள்.

"வகுப்புக்குப் பேந்து போறன். முதல்ல அவருக்கு உண்மையை எழுதவேணும்."