கொழும்பில் ஆமி ஆட்சி

ஊரில் போர் முடிந்து ஒரு மாதமிருக்கும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டோர்செட் பார்க் பக்கம் போகிற பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெரியவர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“கொழும்பில ஆமி ஆட்சியைப் பிடிக்கப்போகுது, பிள்ளை. சண்டையில வெண்ட ஆமிப் பட்டாளம் காம்புக்குத் திரும்பாது. ஆட்சிக் கதிரையைத்தான் கேக்கும்.”

“பிடிச்சா?”

“இந்தியா சும்மா இராது. சீனா கப்பல் அனுப்பும். மாலைதீவும் நடுங்கும்.”

மாலைதீவையும் நடுங்கவைத்த களைப்பில் கையிலிருந்த கோப்பியை ஒரு மிடறு குடித்தார்.

“அங்கிள், என்ர அக்கா வவுனியா முகாமில. முள்ளுக்கம்பிக்குள்ள. குளிக்கப் போறதுக்கும் ஆமியைத்தான் கேக்கோணும்.”

“அது வேற, பிள்ளை. நான் சொல்லுறது ஆட்சி.”

“ஓம் அங்கிள். நீங்கள் சொல்லுற ஆட்சி வந்தா, வந்திட்டுதெண்டு அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?”