கோடாலிக்குப் பதில் சொன்னவள்

குனிஞ்சு வாங்க சம்பந்தியம்மா, அந்தக் கிளை தலையில இடிக்கும். இன்னும் ரொட்டியே பிய்க்கல, அதுக்குள்ள சம்பந்தியம்மாங்கிறாளேன்னு நினைக்காதீங்க, வாயில வந்துடுச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் ராக்கியாச் சாராய பாட்டிலோட உக்காந்துட்டாங்க. அரை பாட்டில் உள்ள போனாத்தான் ரொட்டி மேல கை வைப்பாங்க. பிட்டுட்டாங்கன்னா பொண்ணு கொடுத்தாச்சு, அப்புறம் பேச்சே கிடையாது. அதான் தோட்டத்தைக் காட்டறேன்னு உங்களை வெளிய இழுத்துக்கிட்டு வந்தேன். பிப்ரவரி மாசச் சேத்துல பார்க்க என்ன இருக்குன்னு கேக்கறீங்க. அதுவும் நியாயம்தான்.

இந்த ஆப்பிள் மரம்தான். அந்தப் பக்கம் இருக்கற பிளம்மை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம், தானா காய்ச்சு ராக்கியாவாப் போயிடும். இது அப்படியில்ல, கையைக் கேக்கும். இந்த மாசமே கவாத்து பண்ணணும். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், இல்லேன்னா பகல் வெயிலுக்கும் ராத்திரிப் பனிக்கும் பட்டை வெடிச்சிடும். திமிரா மேல போற கிளையைக் கல்லு கட்டித் தாழ்த்தணும். என் மகன் ஒக்னியானுக்கு இதெல்லாம் சுத்தமா வராது. உங்க டிலியானாவுக்கு? ஆமா, மில்லுல தறி ஓட்டற பொண்ணுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும், பாவம்.

அந்தத் தழும்பா? தொட்டுப் பாருங்க. கோடாலி பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் காய்க்காத மரத்தை மிரட்டுவோம்ல, அது. உங்க ஊர்ல மரத்துக்காக யார் பேசுவாங்க? மாமனாரா? எங்க வீட்ல பொம்பளைதான். என் வீட்டுக்காரர் த்சான்கோ கோடாலியோட வந்து, காய்ப்பியா, வெட்டட்டுமான்னு கேப்பாரு. மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு, வெட்டாதே, வர்ற வருஷம் காய்ச்சிடறேன்னு நான் சொல்லணும். மூணு தடவை. அப்புறம் சிரிச்சுக்கிட்டே உள்ள போய்ச் சாப்பிடுவோம். விளையாட்டுதான்.

ஸ்லாத்தினா வந்ததும் அந்த வேலையை அவகிட்ட கொடுத்தேன். ஒக்னியானோட முதல் சம்சாரம். அவளைப் பத்திச் சொல்லித்தானே சம்பந்தம் பேசவே ஆரம்பிச்சோம். அவ வர்றதுக்கு முந்தின வருஷமே மரம் காய்க்கறதை நிறுத்திடுச்சு. முத வருஷம் கணீர்னு சொன்னா, நல்ல குரல் அவளுக்கு. ரெண்டாவது வருஷம் வயித்துல ஒண்ணும் இல்ல, ஊர் வாய் ஆரம்பிச்சிடுச்சு. த்சான்கோ மரத்தைப் பார்த்துக் கேக்கல, அவளைப் பார்த்துக் கேட்டாரு. சித்தப்பா பெரியப்பா வீட்டு ஆளுங்கெல்லாம் வந்திருந்தாங்க, சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்னு சொன்னா நம்புவீங்களா? சிரிச்சேன்.

எப்பவும் மொட்டைப் பக்கத்தாலதான் தட்டுவாரு, நாலாவது வருஷம் அந்த மனுஷன் கோடாலியைத் திருப்பிப் பிடிக்கல. கூர்ப்பக்கத்தாலயே போட்டாரு, இதோ இவ்வளவு ஆழத்துக்கு. சொல்லு, காய்ப்பியா மாட்டியான்னாரு. அவ மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வெட்டாதீங்க மாமான்னா.

மரம் யாரையாவது மாமான்னு கூப்பிடுமா சம்பந்தியம்மா? அதுக்கும் சிரிச்சாங்க. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரல.

உள்ள போக அவசரப்படாதீங்க. நில்லுங்க, முடிச்சிடறேன்.

அந்த ஏப்ரல்ல அவ போயிட்டா. காய்ச்சல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நாங்கதான் அப்படிச் சொல்லி வச்சோம். அவளைக் கொண்டு போனது கஷாயம். மேல்பக்கத்து ஊர்ல பிள்ளை உண்டாக மருந்து கொடுக்கற கிழவி ஒருத்தி இருந்தா, அவகிட்ட வேர் வாங்கிக் கொடுத்துக்கிட்டே இருந்தோம். ரெண்டு வருஷம், காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர். கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. வேண்டாம் அத்தேன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வச்சிடுவா.

அடுத்த வருஷம் நாற்றுப் பண்ணையிலேர்ந்து ஒருத்தர் வந்து மரத்தைப் பார்த்தாரு. வெட்டறதா வேண்டாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டோம். சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, இதுல ஒரு குத்தமும் இல்லம்மா, பக்கத்துல வேற ஆப்பிள் மரம் ஏதாவது இருந்துச்சான்னாரு. இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பறப்ப வெட்டிட்டாரு. அதான் விஷயம்னாரு. ஆப்பிள் தன் பூவை வச்சே காய்க்காதாம், வேற ஜாதிப் பூவிலேர்ந்து தேனீ கொண்டு வரணுமாம். இதை எத்தனை கோடாலியால மிரட்டினாலும் என்ன பண்ணும்? அவர்கிட்டயே வேற ஜாதிக் குச்சி வாங்கி அதோ அந்தக் கிளையில நானே ஒட்டுக் கட்டினேன். நாலு வருஷமாச்சு. போன செப்டம்பர்ல கிளை தாங்கல, முட்டு கொடுத்தோம். த்சான்கோ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு, கோடாலிக்குப் பயந்துடுச்சாம்.

உங்க வீட்டுக்காரர்தானே கூப்பிடறது? வர்றோம்னு குரல் கொடுங்க. கையை விட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணுக்கு இருபத்திரெண்டு வயசுன்னீங்க. ஸ்லாத்தினா இங்க வந்தப்பவும் இருபத்திரெண்டுதான். கல்யாணம் முடிஞ்ச மறு வருஷமே த்சான்கோ கேக்க ஆரம்பிச்சிடுவாரு. எனக்கு அவரைத் தெரியும். மேல்பக்கத்து ஊர்க் கிழவியும் இன்னும் உயிரோடதான் இருக்கா.

அதனால போய் ஏதாவது சொல்லுங்க. வீடு பிடிக்கலன்னு சொல்லுங்க. மாமியார்க்காரி பைத்தியம்னுகூடச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. காரணமா? ஒக்னியானுக்குப் பதினேழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கன்னத்தோட நிக்கல, கீழ இறங்கிடுச்சு. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, இவனுக்குக் குழந்தை பிறக்காதும்மான்னு சொன்னாரு. அவனுக்கே தெரியாது. அவங்கப்பாவுக்கும் தெரியாது. ஆம்பளைப் பிள்ளையாச்சே, எப்படிச் சொல்றது? அந்த ரெண்டு வருஷமும் கஷாயம் காய்ச்சினது நான்தான். காய்ச்சும்போது எனக்குத் தெரியும்.