மாமனார் அறையில் ஓடிய படம்

டிவியைச் சுவரில் மாட்டும்போது எல்லாரும் செய்கிற தப்பு, கொஞ்சம் உயரமாக மாட்டிவிடுவது. உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு உயரம், படுத்துப் பார்ப்பவருக்கு வேறு உயரம். நான் மாமனாரின் கட்டிலில் ஏறிப் படுத்து, தலையணையில் தலை வைத்து, கண் இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் குறி போட்டேன். அதன் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டுத் துளை போட்டது. அவரைக் கவனிக்காமல் விட்டேன் என்று என் நாத்தனார் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் சொல்லியிருக்கிறாள், மேடம். அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷின்ச்சு நகரத்தில் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தேன். வீட்டுச் சர்வரை வைத்ததும் நான்தான். வாசலில் செருப்பு அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. எங்கள் கல்யாண வீடியோ, என் கணவர் யி-ஹான் சேர்த்து வைத்த படங்கள், மாமனாருக்குப் பிடித்த பழைய பேஸ்பால் ஆட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன. வீட்டில் எந்த டிவியில் வேண்டுமானாலும் வைஃபை வழியாக ஓடும். நம் போனில் எடுப்பதும் தானாக அதில் போய்ச் சேரும்.

மாமனார் ஃபான் ஒரு பல் டாக்டர். ஜூபெய் ஊரில் கீழே கிளினிக், மேலே வீடு. ஆயுசு முழுக்க மற்றவர் வாய்க்குள் பார்த்தவர். அந்தப் பார்வை சாப்பாட்டு மேசைக்கும் கூடவே வரும். நான் அரிசிச் சேமியாவை உறிஞ்சினால் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுவார். கோபப்பட மாட்டார். மூக்கோரம் லேசாகச் சுருங்கும், அவ்வளவுதான்.

"ஏம்மா, உங்க வீட்ல எல்லாருமே இப்படிச் சத்தம் போட்டுத்தான் சாப்பிடுவீங்களா, இல்ல இது உன்னோட தனித் திறமையா?" என்பார்.

யி-ஹான் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

எங்கள் நிச்சயதார்த்த விருந்தில் ஒன்று நடந்தது. என் அம்மா மியாவ்லி மலைப் பக்கம் தேயிலை பறிக்கிறவள். மலிவான பல் செட் போட்டிருந்தாள். கோழித் துண்டைக் கடிக்கும்போது மேல் வரிசை நழுவிச் சூப்புக் கிண்ணத்தில் விழுந்துவிட்டது. மாமனார் எட்டிப் பார்த்து, "என்ன சம்பந்தியம்மா, பல்லையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க போல. அதுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?" என்றார். மேசையே குலுங்கியது. அம்மாவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு அவள் யார் எதிரிலும் சாப்பிட்டதில்லை. என்னைப் பார்க்க வந்தால் பசியில்லை என்பாள். பிறகு நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன், பேருந்து நிறுத்தத்தில் திரும்பி நின்றுகொண்டு பையிலிருந்து பன் எடுத்துத் தின்பாள். சாகும்வரை அப்படித்தான். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சொன்னேன்.

போன வருஷம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. வெளியாள் கை பட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று யி-ஹான் சொன்னதால் நான் வேலையை விட்டேன்.

அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. வாயின் வலது ஓரம் தொங்கும். உள்ளே போகிற கஞ்சியில் பாதி அந்த ஓரமாக வழிந்து மோவாயில் பசை மாதிரி காயும். பூசணிக் கஞ்சி என்றால் மஞ்சளாக, கீரைக் கஞ்சி என்றால் பச்சையாக. விழுங்கும்போது தொண்டையில் சாக்கடை இறங்குகிற சத்தம். இருமினால் சளியும் சோறுமாக என் கண்ணாடியில் தெறிக்கும், அது இளஞ்சூடாக இருக்கும். கழுத்து மடிப்பில் புளித்த நாற்றம். துடைத்து, துணி மாற்றி, திரும்பினால் அடுத்த வேளை வந்திருக்கும். யி-ஹான் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"என்னால அந்தச் சத்தத்தைக் கேக்க முடியல. நான் கம்பெனி கேன்டீன்லயே சாப்பிட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதே," என்றார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவருக்காவது குமட்ட உரிமை இருந்தது.

விழுங்கும் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள்தான், "அக்கா, அவர் சாப்பிடறப்ப பக்கத்துல வெச்சு வீடியோ எடுங்க. எங்க சிக்குதுன்னு நான் பாக்கணும்," என்றாள். எடுத்தேன். போனை ஒரு சின்ன ஸ்டாண்டில் வைத்து, வாய் தெளிவாகத் தெரிகிற மாதிரி. அவளுக்கு ரொம்பத் திருப்தி. தொடர்ந்து எடுக்கச் சொன்னாள்.

அந்த வீடியோக்கள் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் காலை மாமனார் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தது. பெட்டியில் இருக்கிற மென்பொருள், ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தானாக ஓட்டும். நான் அறைக்குள் போனபோது திரை முழுக்க அவர் வாய் இருந்தது. அவ்வளவு பெரிய திரையில் அது வாய் மாதிரியே இல்லை. ஈரமான, சிவந்த, மஞ்சள் நுரை கட்டிய ஏதோ ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவருடைய மூக்கோரம் சுருங்கியது.

அவருக்கு அது யார் என்று உடனே தெரியவில்லை, மேடம். அதுதான் விஷயம். ஒரு அருவருப்பான ஆளைப் பார்க்கிற முகம் அது. எனக்கு நன்றாகப் பழகிய முகம். பிறகு திரையில் என் கை வந்தது, ஸ்பூனோடு. என் வளையலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். இடது கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

நான் நிறுத்தியிருக்கலாம். துணி காயப்போட வேண்டியிருந்தது, போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அந்த வீடியோக்களுக்கென்று தனி இடம் ஒதுக்கினேன். வரிசையாகப் பெயர் வைத்தால் அந்த மென்பொருள் அதை ஒரு தொடர் என்று நினைத்துக்கொள்ளும். முகப்புப் படத்தைக்கூட அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒன்று முடிந்தால் அடுத்தது, கடைசி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ரிமோட்டை அவர் கைக்கு எட்டாத ஜன்னல் மேடையில் வைத்தேன். கீழே போட்டு உடைத்துவிடக் கூடாதே. கண்ணை மூடிக்கொள்கிறார் என்று தெரிந்ததும் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாத அளவுக்குத்தான். யி-ஹான் வீடு வரும் நேரத்துக்குப் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் நல்ல பலம். திரையைக் காட்டி, தலையை ஆட்டி, ஏதோ சத்தம் எழுப்பினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"பேஸ்பால் முடிஞ்சுபோச்சுப்பா. இது நீங்க நடிச்ச தொடர். பாருங்க, எவ்வளவு சத்தமா சாப்பிடறீங்க," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையைக் கழுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை. நான் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சூடாகக் கொண்டு போவேன், உதட்டில் தொடுவேன், அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். எதிரே சுவரில் அவரே தின்றுகொண்டிருப்பார். கிண்ணத்தைத் திருப்பி எடுத்து வந்து கழுவி வைப்பேன். மோவாய் காய்ந்து சுத்தமாக இருந்தது. கழுத்தில் நாற்றம் இல்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் மூச்சை இழுத்து விட முடிந்தது.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று கேட்டார். மாமனார் நல்ல உடம்போடு இருந்தபோதே குழாய் வேண்டாமென்று எழுதி வைத்திருந்தார். யி-ஹான் கட்டிலோரம் குனிந்து, "அப்பா, ஏன்பா சாப்பிட மாட்டேங்கறீங்க? எங்க மேல கோவமா?" என்று கேட்டார். மாமனார் என்னைப் பார்த்தார், பிறகு டிவியைப் பார்த்தார். அதில் யாரோ ஒருவர் பந்தை அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"வயசானவங்க மனசு விட்டுப்போச்சுன்னா இப்படித்தான்," என்றார் டாக்டர். அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்று என்னைப் பாராட்டினார்.

சவ அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தபோது நாத்தனார் யூன்-ரு அப்பாவின் பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று அவர் அறை டிவியைப் போட்டாள். 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் முதலாவதாக அந்த வாய் இருந்தது. அவள் அழுத்தினாள்.

"அண்ணி, என்ன இது?"

"டாக்டருக்காக எடுத்தது," என்றார் யி-ஹான்.

"டாக்டருக்காக எடுத்தது எதுக்கு இந்த டிவியில ஓடணும்? இந்த ரூம்ல அப்பாவைத் தவிர யாரு இருந்தா?"

யி-ஹான் போனில் சர்வரைத் திறந்து பார்த்தார். எந்த வீடியோ எந்த டிவியில் எத்தனை தடவை ஓடியது என்பதை அது வைத்திருக்கும். விரலால் தள்ளிக்கொண்டே போனார். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அவருக்கு எப்போதுமே அந்த விஷயத்தில் வயிறு பலவீனம். யூன்-ரு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்பாவின் மூக்குதான்.

அவர் சாப்பிடாமல் செத்துப்போவார் என்று தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். அவர் பல்லைக் கடித்துக்கொண்ட முதல் நாளே தெரியும். நிறுத்தினால் சாப்பிடுவார் என்பதும் தெரியும். ஆனால் நான் அவரை அடித்ததில்லை, திட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்து அருவருத்த ஒருவருக்கு அவருடைய வாயைக் காட்டினேன். அவர் எடுத்த முடிவு அவருடையது. எனக்குக் குரூரம் கிடையாது. நான் கொஞ்சம் சுத்தம் பார்க்கிறவள், அவ்வளவுதான்.

இந்த லேப்டாப்பை எதற்கு என் பக்கம் திருப்புகிறீர்கள் என்று புரிகிறது. ஒவ்வொரு வீடியோவையும் நான் பார்த்து, நான் எடுத்ததுதான் என்று உறுதி செய்ய வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம், மேடம். எல்லாமே நான் எடுத்ததுதான், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஓட்ட மட்டும் ஓட்டாதீர்கள். நான் இப்போதுதான் சாப்பிட்டேன்.