தொலைந்த கோப்புகளுக்கு வழி கண்டவருக்கு

கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலின் ஆழத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடமாடும் கலை கைவந்தவரே! பிழையென்றால் பாய்ந்து வந்து, பதற்றமென்றால் பத்தடி தள்ளி நிற்கும் பண்பினரே! முப்பத்துநான்கு ஆண்டுகளாய் எங்கள் மூன்றாம் மாடிக்கு முதுகெலும்பாய் நின்று இன்று பணி ஓய்வு பெறும் மூத்தவரே! எங்கள் 'கொஞ்சம் பொறுங்க' அக்காவே! வணக்கம்!

அந்தப் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தோம். போன மாதம் நீங்களே அதைக் காப்பிக் கோப்பையில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தபோது அசடு வழிந்தோம்.

உங்கள் அருஞ்சேவையை ஆண்டுவாரியாக அடுக்கினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறோம்.

அன்று காலை பத்து மணிக்கு, எங்கள் கோப்பு முறைமையை நம்பியிருந்த குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் சர்வர் திறக்க மறுத்தது. 'மெட்டாடேட்டா பிழை' என்றது திரை. கோப்புகள் உள்ளேதான் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் சிதைந்திருந்தது. மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒன்பது பிள்ளைகளின் இதயப் படங்களும் அதற்குள் சிக்கிக்கொண்டன. நாங்கள் என்ன செய்தோம்? கையும் ஓடாமல் காலும் ஓடாமல், பழுதுநீக்கும் நிரலை ஏவிவிட்டு, அது கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம், ஆம்' என்று தலையாட்டினோம். நான்கே நிமிடத்தில் பல்லாயிரம் கோப்புகள் பெயரிழந்து ஒரு மூலையில் குவிந்தன.

தோள்பையைக்கூட இறக்காமல் ஓடி வந்து அதை நிறுத்தினீர்கள். “கொஞ்சம் பொறுங்க! மூச்சு மட்டும் விடுங்க, வேற எதையும் தொடாதீங்க. முதல்ல நகல்!”

மூலத்தைத் தொடாமல் நகலிலேயே வைத்தியம் பார்ப்பது உங்கள் விரதம் ஆயிற்றே! நகலெடுக்க மூன்று மணி நேரம் ஆனது. மேலாளர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் தவித்தார். மருத்துவமனையிலிருந்து பத்து நிமிடத்துக்கொரு போன். நீங்களோ கெர்னலின் நிரலைத் திறந்துவைத்து வரிவரியாய் வாசித்தீர்கள். அட்டவணையில் எந்த மாற்றம் செய்வதானாலும் அது முதலில் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும் என்பது விதி. எங்கோ அந்த வரிசை புரண்டிருந்தது. திடீரென்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தீர்கள்.

“கண்டுபிடிச்சுட்டேன்! கண்டுபிடிச்சுட்டேன்! தப்பு பண்ணினது நான்தான்!”

பதினேழு ஆண்டுகளுக்கு முன் நீங்களே எழுதிய வரி அது! அறையே கைதட்டியது, பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியவில்லை. குளறுபடி பிடிபட்டதும், குறிப்பேட்டில் பதிவானவற்றை நகலில் சரியான வரிசையில் இயக்கினீர்கள். கோப்புகள் ஒவ்வொன்றாய்ப் பெயரோடு எழுந்து வந்தன. மாலை நாலரை மணிக்கு ஒன்பது படங்களும் மருத்துவர் கையில்! ஒன்பது பிள்ளைகளும் நலமாய் வீடு திரும்பினார்கள்.

அறிக்கையின் முதல் வரியில் உங்கள் தவற்றை எழுதினீர்கள். எங்கள் 'ஆம், ஆம்' நான்காம் வரியில்தான் வந்தது. அந்த 'ஆம்'களை அழுத்திவிட்டு ராஜினாமாக் கடிதத்தோடு உங்கள் முன் வந்து நின்றவரிடம், “அந்தப் பேப்பரால டீயை மூடி வை, ஈ விழுது” என்றீர்கள். அவர்தான் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று மேசையைக் காலி செய்கையில் ஒரு பட்டியல் தந்தீர்கள். நீங்கள் எழுதியவற்றுள் உங்களுக்கே இன்னும் ஐயமுள்ள நாற்பத்துமூன்று வரிகள்! “தேடிப் பாருங்க. தப்பு கிடைச்சா உடனே போன் பண்ணுங்க, ரொம்பச் சந்தோஷப்படுவேன்” என்றீர்கள்.

நோய்நொடி அண்டாமல், நிம்மதியான உறக்கமும் நினைத்தபோது நடையுமாய், நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ்க!

போன் வரை பொறுக்க முடியவில்லை அக்கா, மேடையிலேயே சொல்லிவிடுகிறோம். இன்று காலை தேடினோம், நகலெடுத்துக்கொண்டுதான்! பட்டியலில் பத்தொன்பதாவது வரி. கிடைத்துவிட்டது! தப்பு உங்களுடையதேதான்!

இருப்புக்கொள்ளாமல் குதித்துக்கொண்டிருக்கும்,
மூன்றாம் மாடிக் கோப்பு முறைமைப் பிரிவினர்