மச்சாளின் புள்ளடி

2009ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“அரசாங்கம் கடன் எடுக்கலாமோ எண்டு என்ர மச்சாளிட்டக் கேக்கப்போறாங்களாம்.”

நான் கையிலிருந்த பத்திரிகையைப் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஆர், பிராங்போட் மச்சாளோ அக்கா?”

“ஓம். மாநிலங்கள் இனிக் கடன் எடுக்கேலாதெண்டு நாட்டு அடிப்படைச் சட்டத்திலை எழுதிப்போட்டினமெல்லே. அதை அவள் இருக்கிற ஹெசன் மாநிலத்தின்ர அடிப்படைச் சட்டத்திலையும் எழுதுறதெண்டால் அங்கத்தைச் சனம் வாக்குப் போடோணுமாம். நேற்று போனிலை ஒரு மணித்தியாலம் அளந்தவள்.”

“அவவிட்ட ஜெர்மன் பாஸ்போட் இருக்குத்தானே, வாக்குப் போடலாம்.”

“சோபாவையே தவணைக்கு எடுத்தவள். அவளிட்டயே கடனைப் பற்றிக் கேக்கிறது?”

“நீங்களும் பாஸ்போட்டுக்கு அன்ராக் படிவம் நிரப்பிக் குடுங்கோவன்.”

“அவளுக்குக் கிடைச்ச கிழமையே குடுத்திட்டன். வாக்குச் சீட்டிலை அவள் ஓம் எண்டு புள்ளடி போட்டால் நான் இல்லை எண்டு போடுவன்.”

இளையவர் கொஞ்சம் தயங்கினார்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. எங்கட மாநிலத்திலை அதுக்குச் சனத்தைக் கேக்கத் தேவையில்லை. இஞ்சை மாநிலப் பாராளுமன்றமே மாத்திப்போடும். ஹெசனிலை எண்டால் கட்டாயம் கேக்கோணும்.”

மூத்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“பிராங்போட்டிலை வீட்டு வாடகை என்ன போகுது, பிள்ளை?”