மணி அடிக்காத தொலைபேசி

சூரியகாந்தி விதை கொறிப்பதை விட்டுவிடச் சொல்லிப் பல் வைத்தியர் போன வாரமும் கண்டித்தார். இருபத்தாறு வருடப் பழக்கம், சொன்னதும் விட்டுவிடுமா? புல்பென்னில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை? பேஸ்பால் மைதானத்தின் இடது மூலை வேலிக்குப் பின்னால், பிட்சர்கள் காத்திருக்கும் ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு தொலைபேசி. ஆட்டத்தின் நடுவில் மேனேஜர் கூப்பிட்டு ஒரு பெயர் சொல்வார். அதை நான் பெஞ்சைப் பார்த்துச் சொல்வேன். அந்தப் பிட்சர் எழுந்து, பந்து எறிந்து கையைச் சூடாக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்குவான். இதுதான் என் உத்தியோகம்.

நீங்கள் லீகிலிருந்து வந்திருப்பது லோரன் டாகெட்டைப் பற்றிக் கேட்க. எங்கள் பழைய மேனேஜர் புலாஸ்கி உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஜூலையின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் லோரனைத் தான் நான்கே தடவைதான் கூப்பிட்டதாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரி. பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

லோரன் எங்களிடம் வந்தபோது மூன்று அணிகள் கழித்துவிட்ட ஆள். ஒன்பது சுற்று ஆட்டத்தில் முதல் சுற்றில் நன்றாக எறிவான், நான்காவது சுற்றில் உதை வாங்குவான். எட்டாவது சுற்றுக்கு மட்டும் இவனை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான். கடைசி நொடியில் தாழ்ந்து விழும் பந்து ஒன்றையும் பழக்கிக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் எட்டாவது சுற்று என்றாலே லோரன் என்றானது. மற்ற சுற்றுகளில் என் பக்கத்தில்தான் இருப்பான். "என்ன பெருசு, பல்லு இன்னும் மிச்சமிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் பையிலிருந்து விதையை அள்ளுவான். என் மனைவி போன பிறகு என்னிடம் அப்படிப் பேச ஆளில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஜூலையில் தெற்கே ஒரு பெரிய அணி அவனைக் கேட்டது. அவனுக்குப் பதிலாக எங்களுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர்கள். பேரம் மாதக் கடைசிக்குள் முடியவேண்டும், அதன்பின் மாற்றிக்கொள்ள முடியாது. அந்த அணியின் ஆள், வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர், தினமும் வந்து, கருவியை நீட்டி அவன் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். லோரனின் மனைவி டெனீஸ் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அந்தப் பெரிய அணியின் மைதானத்திலிருந்து அவள் அம்மா வீடு அரை மணி தூரம். பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

ஜூலையில் வாங்குகிறவர்கள் அக்டோபர் வரை கரும்பு மாதிரிப் பிழிந்துவிட்டுச் சக்கையை எறிவார்கள். அப்படிப் போன பையன்களை எனக்குத் தெரியும். லோரனுக்கு அந்தக் கதி வேண்டாமென்று நினைத்தேன். வேகம் மணிக்கு இரண்டு மைல் குறைந்தால் போதும், தொப்பிக்காரர் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்.

கொட்டகையில் எறியும் பந்துகளை யாரும் குறித்து வைப்பதில்லை. கை வலிக்கிறது என்று வாய் திறக்கும் பிட்சருக்கு எங்கள் தொழிலில் மரியாதையும் இல்லை. கூட்டத்தின் இரைச்சலில் அந்த மணி பெஞ்சு வரை கேட்காது. மணியடித்தால் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு என் பக்கம்தான் தெரியும். கொக்கியை விரலால் அழுத்திக்கொண்டு ரிசீவரை எடுப்பேன். "சொல்லுங்க. லோரனா? சரி," என்று யாருமில்லாத தொலைபேசியில் சொல்லிவிட்டு வைப்பேன். மூன்றாவது சுற்றில் ஒரு தடவை, ஐந்தாவதில் ஒரு தடவை, ஏழாவதில் இரண்டு தடவை. அவன் எழுந்து முழு வேகத்தில் எறிவான், பிறகு உட்காருவான்.

"புலாஸ்கிக்கு மண்டை கழண்டுடுச்சா பெருசு? எழுப்புறாரு, உக்கார வெக்கிறாரு, நான் என்ன ஜாக்கெட்டப் போட்டுக் கழட்டுற பொம்மையா?"

"பெரிய எடத்துக்குப் போறவன்டா நீ. தயாரா இருக்கணும்னு நெனக்கிறாரு போல."

ஆறாவது நாள் முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "டெனீஸ்கிட்ட சொல்லிடாத பெருசு," என்றான். நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான்.

ஒன்பதாவது ஆட்டத்திலும் நான்கு தடவை எழுப்பினேன். எட்டாவது சுற்றில் சிவப்பு விளக்கு நிஜமாகவே எரிந்தது. புலாஸ்கி கேட்டார்: "அவன் கை எப்படி இருக்கு கஸ்? நாளைக்குப் பேச்சு முடியுது. களைப்பா இருந்தா சொல்லிடு, வேற ஆளப் போட்டுக்கறேன்."

"சும்மாதான் உக்காந்திருக்கான். நல்லா இருக்கான்," என்றேன்.

லோரன் மைதானத்தில் இறங்கி எறிந்த நான்காவது பந்தில் முழங்கை போயிற்று. முந்நூறு அடி தூரம், அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்காது என்கிறார்கள். எனக்குக் கேட்டது, இப்போதும் கேட்கிறது. அவன் கத்தவில்லை. கையைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி எங்கள் கொட்டகையைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் டெனீஸ் கேட்டாள்: "யாரு கஸ் இவர இத்தன தடவ எழுப்பினது?"

"மேனேஜர் கூப்பிட்டாத்தானே நான் எழுப்புவேன்," என்றேன். செப்டம்பரில் புலாஸ்கியின் வேலை போயிற்று. லோரன் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. பெரிய அணி வேறொருவனை வாங்கிக்கொண்டது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் லோரனின் கை நேராக நீளவில்லை. கோபமும் குடியும் வீட்டுக்குள் வந்தபின் டெனீஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். மைதானத்து மண்ணைச் சமன்படுத்துவான், பிறகு என் பக்கத்தில் வந்து உட்காருவான். விதையை இடது கையால் அள்ளுகிறான். பல்லைப் பற்றிக் கேட்பதில்லை. நான் ரிசீவரில் கை வைத்தால் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றத் தொடங்குகிறான். பாதியில்தான் நினைவு வருகிறது. அப்போது அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க நான் பையில் விதையைத் தேடுவேன்.

முந்தாநாள் ஆட்டமில்லை. மாற்றுவதற்காகத் தொலைபேசியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். சுவரில் இரண்டு ஓட்டைகள்தான். லோரன் எழுந்து நின்றான்.

"கூப்பிட்டாங்களா பெருசு?"

"இல்லப்பா. யாரும் கூப்பிடல. உக்காரு."

உட்கார்ந்தான். அந்தத் தொலைபேசியைப் பற்றி நான் அவனிடம் சொன்ன ஒரே உண்மை அது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். லோரனிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யாருமில்லை.