அறுபது பேரும் ஒரே பதிலும்

ஞானமணி: சத்தம் போடாம எப்படிக்கா பேசுறது? நானும் கேக்குறேன், நீங்க கருவாட்டப் புரட்டிக்கிட்டே ஞாபகமில்லங்கிறீங்க...

முத்துமாரியம்மாள்: நானும் சத்தமாத்தானே சொல்றேன், ஞாபகமில்ல. கோட்டைப்பட்டினத்துக்கு பஸ்ஸுல வந்து எறங்குறவுகள எல்லாம் எழுதியா வச்சிருக்கேன்?

ஞானமணி: கார்முகில்னு ஒருத்தர். எம்.ஏ. ஆய்வுக்கு இந்தத் தெருவுல அறுபது பொம்பளைங்களக் கேட்டேன்னு எழுதியிருக்கார். ரெண்டு வருசம் கழிச்சு அன்புமொழின்னு ஒருத்தங்க. அவங்களும் அறுபது.

முத்துமாரியம்மாள்: கேட்டிருப்பாக. நல்லதுதானே.

ஞானமணி: மகனக் கடலுக்கு அனுப்புவீங்களான்னு கேள்வி. ரெண்டு ஆய்வுலயும் நாப்பத்தொரு பேரு மாட்டேன்னு சொல்லியிருக்காங்க. ஒண்ணு கூடல, கொறையல. பாத்து எழுதியிருக்காங்க, இதுகள நம்பி எழுதுனா ஒன்னோடதையும் தூக்கிப் போட்ருவேன்னு எங்க மேடம் சொல்லிட்டாங்க. திங்கக்கெழமை முந்தைய ஆய்வு அத்தியாயத்தக் காட்டணும்.

முத்துமாரியம்மாள்: பாத்தெல்லாம் எழுதல. அது அபாண்டம்.

ஞானமணி: ஒங்களுக்குத்தான் ஞாபகமில்லையே.

முத்துமாரியம்மாள்: ...அந்தப் பய வந்தப்ப தெருவுல ஒருத்தியும் இல்ல, எல்லாம் கரைக்குப் போயிட்டாளுக. மூஞ்சி வாடி நின்னான். உக்காரச் சொல்லி...

ஞானமணி: மோர் குடுத்தீங்க.

முத்துமாரியம்மாள்: அறுபது பேருக்கும் நானே பதில் குடுத்தேன். எவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

ஞானமணி: அந்தப் பொண்ணுக்கும்?

முத்துமாரியம்மாள்: அதுக்கும் அதேதான். மாத்திச் சொன்னா பொய்யாயிருமில்ல.

ஞானமணி: அக்கா...

முத்துமாரியம்மாள்: முந்தின ஆய்வ மொதல்ல படிக்கணுமாமே, அந்தப் புள்ள பைண்டு போட்ட பெறகு படிச்சிருக்கு. நாப்பத்தொண்ணப் பாத்துட்டு அவன்கிட்டப் போயி சண்ட. ரெண்டும் நியாயம் கேட்டு இங்கிட்டு வந்துச்சுக. அது அவன 'சார்'ங்குது. காலேஜ்ல மூத்தவன அண்ணன்னுதானே கூப்புடுவீக? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தை மாசம் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு, முட்டி வலியில போகல. இப்ப திருப்பூர்ல இருக்காக. எழுதிராத தாயி, ரெண்டு பட்டமும் போயிரும்.

ஞானமணி: ம்...

முத்துமாரியம்மாள்: பேப்பர எடு. ஒனக்கும் நாப்பத்தொண்ணுதான?

ஞானமணி: வேணாம்க்கா, நான் வீடு வீடாப் போயிக் கேட்டுக்கிறேன். அவங்களப் பத்தி எழுதவும் மாட்டேன். கார்முகில் எங்கண்ணன்தான். போன்ல கேட்டா அண்ணனும் அண்ணியும் சிரிக்கத்தான் செய்றாங்க. கோட்டைப்பட்டினத்துல வீடு வீடா ஏறி எறங்குனப்ப பழக்கம்னு கல்யாண மேடையில மைக் புடிச்சில்ல சொன்னாங்க.